ஸ்பிரிங்பேங்க்: இரண்டரை முறை வடிக்கும் வடிசாலை

ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கி, அதாவது முளைகட்டிய பார்லியில் காய்ச்சும் விஸ்கி, பெரும்பாலும் இரண்டு முறை வடிக்கப்படுவது. அயர்லாந்து என்றால் மூன்று முறை. கேம்பல்டவுனில் இருக்கும் ஸ்பிரிங்பேங்க் தன் விஸ்கியை இரண்டரை முறை வடிப்பதாகச் சொல்கிறது. அரை முறை எப்படி வடிப்பார்கள் என்று முதலில் கேட்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். விளம்பரத்துக்காகச் சொன்ன கணக்கு போலத் தோன்றும். அப்படி இல்லை. அங்கே இருக்கும் மூன்று செம்பு வாலைகளுக்கு (வடிக்கும் கலங்களுக்கு) நடுவில் எது எங்கே போகிறது என்று பார்த்தால் கணக்கு விளங்கிவிடும். அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஆலை இன்று இப்படி இருப்பதற்கு அந்த ஊர் அழிந்த விதமும் ஒரு காரணம்.

கின்டயர் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து தெற்கே நீண்டு தொங்கும் ஒல்லியான தீபகற்பம். அதன் தென்முனைக்கு அருகே, கடல் நிலத்துக்குள் நுழைந்த ஒரு சிறு விரிகுடாவின் தலைமாட்டில் கேம்பல்டவுன் இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து சாலை வழியே போனால் ஏரிகளையும் மலைகளையும் சுற்றிக்கொண்டு அரை நாள் ஆகும். கடல் வழியோ நேர்வழி. நீராவிக் கப்பல் காலத்தில் கிளாஸ்கோ சந்தைக்கு மிக வசதியான ஊர் இது. துறைமுகம் உண்டு, சுற்றிலும் பார்லி விளையும் வயல், சில மைல் தள்ளி மாக்ரிஹானிஷ் பக்கம் நிலக்கரிச் சுரங்கம், ஊருக்கு மேலே கிராஸ்ஹில் ஏரியின் தண்ணீர். விஸ்கி காய்ச்ச வேண்டிய எல்லாமே நடந்து போகும் தூரத்தில்.

சட்டத்துக்கு முன்பே சாராயம் இங்கே இருந்தது. ராபர்ட் ஆர்மர் என்ற குழாய்த் தொழிலாளி 1811 முதல் 1817 வரை தான் செய்து விற்ற திருட்டு வாலைகளுக்குக் கணக்கு எழுதி வைத்திருந்தார்; அந்தக் கணக்குப் புத்தகங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. யாருக்கு என்ன பாகம், எவ்வளவு கடன் என்ற விவரத்தோடு! 1823இல் கலால் சட்டம் திருத்தப்பட்டு, 10 பவுண்டு உரிமக் கட்டணத்தோடு சட்டப்படி காய்ச்ச வழி பிறந்ததும் ஊரில் வடிசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆர்ச்சிபால்ட் மிட்செல் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில் 1828இல் ரீட் குடும்பம் ஸ்பிரிங்பேங்கைக் கட்டியது. ரீட்கள் மிட்செல்களுக்குச் சம்பந்தி வீட்டார். 1837இல் ஆலை ஜான், வில்லியம் என்ற மிட்செல் சகோதரர்களின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அது வேறு கம்பெனிக்குப் போகவில்லை. ஜே அண்டு ஏ மிட்செல் என்ற பெயரில்தான் இன்றும் நடக்கிறது.

1880களில் பிரிட்டனின் வடிசாலைகளை எல்லாம் சுற்றிவந்த ஆல்ஃபிரட் பார்னார்டு இந்த ஒரு சிற்றூரில் மட்டும் 21 ஆலைகளை எண்ணினார். திறந்து மூடிய எல்லாவற்றையும் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். 1934 வாக்கில் எஞ்சியவை இரண்டே: ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா.

இதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. கலப்பு விஸ்கி விற்றவர்களுக்குக் கேம்பல்டவுனின் கனத்த எண்ணெய்ப்பசைச் சரக்கைவிட வடகிழக்கே ஸ்பேசைடு பகுதியின் இலேசான சரக்கு வசதியாகப் பட்டது; அங்கே ரயிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. 1898இல் பாட்டிசன் என்ற பெரிய விஸ்கி வணிக நிறுவனம் கவிழ்ந்தபோது தொழில் முழுவதுக்கும் அடி. பிறகு முதல் உலகப் போர், ஏறிக்கொண்டே போன வரி. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. கள்ளக் கடத்தலுக்குத் தரம் பார்க்காமல் காய்ச்சி அனுப்பியதில் ஊரின் பெயரே கெட்டது. அந்தப் பத்தாண்டிலேயே சுரங்கமும் மூடப்பட்டது. அக்கம்பக்கத்திலிருந்து வந்த கரி நின்றால் தூரத்திலிருந்து கப்பலில் வாங்க வேண்டும். ஹெர்ரிங் மீன் அடைத்த பீப்பாயில் விஸ்கி ஊற்றினார்கள், அதனால்தான் நாற்றம் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவசர அவசரமாகப் புளிக்கவைத்து, நெருப்பை ஏற்றிவிட்டு, வடிப்பின் கடைசியில் வரும் வால் பகுதி வரை வடித்தெடுத்தால் மீனே இல்லாமல் அந்த வாடை வரும்.

ஸ்பிரிங்பேங்கும் 1926இல் மூடியதுதான். 1933இல் மறுபடி திறந்தது. குடும்பச் சொத்து என்பதால் இடித்து விற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தளத்தில் முளைகட்டுதல்

இன்றைக்கு ஸ்காட்லாந்தின் பெரும்பாலான ஆலைகள் முளைகட்டிய பார்லியைப் பெரிய மால்ட் தொழிற்சாலைகளிடம் லாரி லாரியாக வாங்குகின்றன. இத்தனை ஈரம், இத்தனை பீட் புகை என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். தன் தேவை முழுவதையும் தன் தளத்திலேயே முளைகட்டும் மிகச் சில ஆலைகளில் ஸ்பிரிங்பேங்க் ஒன்று. அது விடாமல் வந்த மரபு என்று நினைத்துவிட வேண்டாம். 1960இல் செலவு கட்டாமல் முளைகட்டுவதை நிறுத்தி வெளியே வாங்கினார்கள். 1992இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். கைவிட்டதைச் செலவு தெரிந்தே மறுபடி எடுத்துக்கொண்ட முடிவு அது. எனக்கு அந்த ஆலையின் வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான்.

உலர்ந்த பார்லியில் ஈரம் 12 விழுக்காடு அளவில் இருக்கும். ஊறத் தொட்டியில் தண்ணீர் விட்டு, வடித்து, காற்றாட விட்டு, மறுபடி தண்ணீர் விட்டு அதை 45 விழுக்காடு வரை ஏற்ற வேண்டும். விடாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்தால் மணி மூச்சுத் திணறிச் செத்துவிடும். பிறகு கல் தளத்தில் பரப்புகிறார்கள். முளைக்கும் மணி சூடு விடும். கீழே இருக்கும் மணி வெந்து, மேலே இருப்பது குளிர்ந்து, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம் மாதிரி ஆகிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், மரச் சட்டுவத்தாலும் இழுவையாலும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் பரப்பை மெலிதாக்கிச் சன்னலைத் திறப்பார்கள். குளிர் கடுமையானால் தடிமனாக்கி மூடுவார்கள். ஐந்து நாள் முதல் ஒரு வாரம் வரை இப்படிப் போகும்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்ள மணியை எடுத்துச் சுவரில் சுண்ணக்கட்டி போல எழுதிப் பார்ப்பது பழைய சோதனை. வெள்ளைக் கோடு விழுந்தால் உள்ளே மாவு தளர்ந்துவிட்டது. நுனியில் கடினமான மூக்கு நெருடினால் இன்னும் ஒரு நாள். அவசரப்பட்டு எடுத்தால் மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகாது. தாமதித்தால் முளையே அந்தச் சர்க்கரையைத் தின்றுவிடும்.

அடுத்தது சூளை. ஸ்பிரிங்பேங்க் வளாகத்தில் மூன்று விஸ்கிகள் பிறக்கின்றன. மூன்றும் பிரிகிற முதல் இடம் இதுதான். ஸ்பிரிங்பேங்க் என்ற பெயரில் வருவதற்கு 6 மணி நேரம் பீட் புகை, பிறகு 30 மணி நேரம் வெறும் சூடான காற்று. லாங்ரோவுக்கு 48 மணி நேரம் பீட் புகை. ஹேசல்பர்னுக்குப் புகையே கிடையாது, 30 மணி நேரம் சூடான காற்று மட்டும்.

பீட் என்பது சதுப்பில் பல்லாயிரம் ஆண்டு மட்கிக் கிடந்த தாவரம். வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அதன் புகையில் இருக்கும் ஃபீனால்கள் ஈரமான உமியில்தான் நன்றாக ஒட்டும். அதனால்தான் புகை முதலில், காற்று பின்னால். மணி ஓரளவு காய்ந்த பிறகு எத்தனை பீட் எரித்தாலும் புகைக்கூண்டு வழியாக வெளியே போவதுதான் அதிகம். பீட் கொழுந்துவிட்டு எரியவும் கூடாது. தீச்சுவாலை சூடு தரும், புகை தராது. கனன்று புகைய வேண்டும்.

கண்ணாடிப் புட்டியைப் பார்த்து "எத்தனை பிபிஎம்?" என்று, அதாவது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு ஃபீனால் என்று, கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. லாங்ரோவின் மால்ட் 50ஐ ஒட்டி இருக்கும், ஸ்பிரிங்பேங்குடையது பதினைந்துக்குள். ஆனால் அந்த எண் மால்ட்டில் அளந்தது. அரைத்து, கரைத்து, வடித்து முடிப்பதற்குள் பாதிக்கு மேல் தொலைந்துவிடும். எவ்வளவு தொலையும் என்பது வாலையின் உயரத்தையும் வடியும் சரக்கை எந்தக் கட்டத்தில் வெட்டிப் பிரிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஒரே பிபிஎம் மால்ட்டில் இரண்டு ஆலைகள் காய்ச்சினால் புகையின் கனம் ஒன்றாக இருக்காது.

நொய், வெந்நீர், ஊறல்

ஆலையின் அரவை இயந்திரம் போர்ட்டியஸ். பழைய வடிசாலைகளில் பாதி இடங்களில் இந்தச் சிவப்பு இயந்திரம்தான் நிற்கும். பழுதே ஆகாமல் உழைத்ததால் புதிதாக வாங்க ஆள் இல்லாமல் செய்த கம்பெனி மூடிவிட்டது என்று தொழிலில் சிரிப்பாகச் சொல்வார்கள். அரைத்ததில் உமி 20, நொய் 70, மாவு 10 விழுக்காடு என்பது பொதுவான இலக்கு. உமிதான் வடிகட்டி. மாவு கூடிப்போனால் சேறாகி அடைத்துக்கொண்டு சாறு இறங்காது. பருமனாக அரைத்தால் சாறு விறுவிறுவென்று இறங்கும், சர்க்கரை நொய்க்குள்ளேயே தங்கிவிடும்.

ஒரு தடவைக்கு 3.5 டன். மூடியில்லாத வார்ப்பிரும்புத் தொட்டி, உள்ளே சுற்றும் பழைய காலத்துத் துடுப்புகள். முதல் வெந்நீர் 63, 64 பாகை அளவில் நொய்யோடு கலக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மாவுச்சத்து சரியாக வேகாது. 70ஐ நெருங்கினால் சர்க்கரையாக்கும் நொதிகளில் ஒன்று சிதைந்து, ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சும். அடுத்தடுத்த தண்ணீர்கள் இன்னும் சூடாக ஊற்றப்படும். கடைசியில் வடியும் மெல்லிய சாறு அடுத்த தடவைக்கு முதல் தண்ணீராகப் போகும்.

புளிக்கவைப்பது லார்ச் மரத் தொட்டிகளில். ஆறு தொட்டிகள் உண்டு. இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சாறு வழக்கத்தைவிட நீர்த்தது, அடர்த்தி 1.046, 1.048 என்ற அளவில்தான். மற்ற ஆலைகள் அதிக அடர்த்தியில் தொடங்கி 8 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹால் உள்ள ஊறல் (புளித்த சாறு) எடுக்கும்போது இவர்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இரண்டாவது, நேரம். ஆல்கஹால் மட்டும் வேண்டும் என்றால் 48 மணி நேரத்தில் ஈஸ்ட் வேலையை முடித்துவிடும். ஸ்பிரிங்பேங்கில் 110 மணி நேரம் வரை விட்டுவைக்கிறார்கள்.

அந்த மிச்ச நேரத்தில் ஈஸ்ட் வேலை செய்வதில்லை. செத்த ஈஸ்ட்டைத் தின்று லாக்டிக் பாக்டீரியா பெருகும். புளிப்பு ஏறும், அமிலங்களும் ஆல்கஹாலும் கூடிப் பழ வாசனை தரும் எஸ்டர்கள் உருவாகும். மரத்தொட்டியின் இடுக்குகளில் இந்தப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நீராவி விட்டுக் கழுவினாலும் முழுக்க ஒழியாது. ஆனால் அளவு மீறினால் இதே பாக்டீரியாதான் எதிரி. ஈஸ்ட் முடிக்கும் முன்பே தொற்று ஏறினால் சர்க்கரையை அது தின்றுவிடும், மகசூல் விழும், வெண்ணெய் ஊசிப்போன வாடை வரும். கணக்கு எழுதுகிறவர் கண்ணோட்டத்தில் பார்த்தால் 110 மணி நேரம் வீண். ஒரே தொட்டியில் இரண்டு தடவை புளிக்கவைத்திருக்கலாம்.

மூன்று வாலைகள்

முதல் வாலை பெரியது, சுமார் 10,000 லிட்டர் கொள்ளும். அடியில் எண்ணெய் அடுப்பு நேரடியாக எரிகிறது. உள்ளே நீராவிச் சுருளும் உண்டு. நேரடி நெருப்பு இன்று அரிது. ஊறலில் ஈஸ்ட்டும் மாவுத் துகளும் மிதக்கின்றன. அவை அடியில் படிந்து தீய்ந்தால் அந்த வாடை வடியும் ஒவ்வொரு சொட்டிலும் ஏறும், அடுத்த வடிப்பிலும் போகாது. அதனால் வாலைக்குள் ஒரு அச்சில் கைகள் சுழன்று, செம்புச் சங்கிலி வலையை அடித்தட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். ரம்மேஜர் என்பார்கள். ஓடும்போது கரகரவென்று சத்தம் கேட்கும்; அது நின்றுவிட்டால் வாலைக்காரர் முதலில் நெருப்பைத்தான் குறைப்பார். சங்கிலி உரசி உரசிச் செம்பு தேயும் என்பதால் நேரடி நெருப்பு வாலைக்கு அடித்தட்டு தடிமனாக இருக்க வேண்டும். செலவு இத்தனை. கிடைப்பது, சூடான அடித்தட்டில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து வறுபடும் சுவை. நீராவிச் சுருள் மட்டும் உள்ள வாலையில் அந்த அளவு சூடு எந்த இடத்திலும் படாது.

முதல் வடிப்பில் இன்னொரு தொல்லை, நுரை. கொதி வரும் நேரத்தில் ஊறல் பொங்கி அன்னக்கழுத்து வழியாகக் குளிர்விப்பானுக்குள் போய்விட்டால் வடித்ததெல்லாம் கெட்டது. கழுத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்திருப்பது அதற்காகத்தான். முற்காலத்தில் வாசனையில்லாத சோப்புத் துண்டை உள்ளே போடுவார்கள். நீண்ட நேரம் புளித்த ஊறல் குறைவாக நுரைக்கும் என்பது 110 மணி நேரத்தின் இன்னொரு பலன்.

முதல் வாலையிலிருந்து வருவது 20 விழுக்காட்டைத் தொட்ட லோ வைன்ஸ். இனிதான் இரண்டரைக் கணக்கு. மீதி இரண்டு வாலைகளும் சிறியவை, 6,000 லிட்டர் அளவு. லோ வைன்ஸில் பெரும் பகுதி இரண்டாவது வாலைக்குப் போய் இன்னொரு முறை வடிபட்டு ஃபெயின்ட்ஸ் ஆகிறது. ஒரு சிறு பகுதியை அப்படியே ஒதுக்கி வைக்கிறார்கள். மூன்றாவது வாலையை நிரப்பும்போது 80 பங்கு ஃபெயின்ட்ஸ், 20 பங்கு ஒதுக்கி வைத்த லோ வைன்ஸ். இதிலிருந்து நடுப்பகுதியை வெட்டி எடுப்பதுதான் விஸ்கியாகப் போகிறது. ஆக, மூன்றாவது வாலையில் இருக்கும் திரவத்தில் 80 பங்கு மூன்று முறை வடியப்போவது, 20 பங்கு இரண்டு முறை. பெருக்கிக் கூட்டினால் சராசரி 2.8 வருகிறது. இரண்டரை இல்லை! மார்ட்லக் ஆலை தன் கணக்கை 2.81 என்று தசமம் வரை சொல்லிப் பெருமைப்படுகிறது. ஸ்பிரிங்பேங்க்காரர்கள் தோராயமாக இரண்டரை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் குழப்பம் எதற்கு? ஒவ்வொரு வடிப்பும் கனமான பொருள்களைக் கழித்து, சரக்கை இலேசாக்கும். மூன்று முறை என்றால் மெலிந்து பழ வாசனை மேலோங்கும். இரண்டு முறை என்றால் எண்ணெய்ப்பசையும் கனமும் நிற்கும். அந்த 20 பங்கு லோ வைன்ஸ், மெலிந்த உடம்பில் கொஞ்சம் சதையைத் திரும்ப வைக்கிறது.

இரண்டாவது வாலைக்கு மட்டும் குளிர்விப்பான் வேறு. மற்ற இரண்டுக்கும் குழாய்க்கட்டு உள்ள நவீன வகை. அதில் ஆவி நூற்றுக்கணக்கான மெல்லிய செம்புக் குழாய்களைத் தொட்டுக்கொண்டு குளிரும். இரண்டாவதுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்த ஒரே நீளச் சுருள் குழாய். இதில் ஆவி சீக்கிரம் திரவமாகிவிடும், செம்பை உரசுவது குறைவு. செம்புதான் கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்வது. ஆகவே சுருள் குழாயில் வருவது இறைச்சி வேகவைத்த நீர் மாதிரியான ஒரு கனத்தைக் கொண்டுவரும். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு கனம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இங்கே வித்தியாசம் தெரியும். ஸ்பிரிங்பேங்கில் பலர் சொல்லும் அந்த எஞ்சின் எண்ணெய், ஈரத்தோல், பட்டறை வாசனைக்கு இந்தச் சுருளும் அடுப்பும் சேர்ந்தே காரணம் என்று நினைக்கிறேன். கடற்காற்று பீப்பாய்க்குள் புகுந்து உப்புக் கரிக்கிறது என்ற பேச்சை நான் அவ்வளவாக ஏற்பதில்லை.

மூன்றாவது வாலையில் வெட்டுவது ஆளின் மூக்கும் நீர்மானியும். முதலில் வரும் தலைப்பகுதி காரமும் பசை வாடையுமாக இருக்கும். நடுப்பகுதி சேமிப்புத் தொட்டிக்கு. வால் நெருங்கும்போது பீட்டின் ஃபீனால்கள் கூடுதலாக வரும். அவற்றோடு ஈரச் சாக்கு, வியர்வை வாடைகளும் வரும். புகை வேண்டும் என்று வெட்டைத் தள்ளிப்போட்டால் இவையும் கூடவே வந்து உட்காரும். தலையும் வாலும் வீணாவதில்லை, அடுத்த தடவை வாலைக்குத் திரும்பும். கிடைக்கும் நடுப்பகுதியின் வலு ஸ்பிரிங்பேங்குக்கு 71, 72 விழுக்காடு.

லாங்ரோ இரண்டே முறை. வலு 68 அளவில் நிற்கும். ஹேசல்பர்ன் முழுக்க மூன்று முறை. 74க்கு மேல் போகும். அதே ஆட்கள், அதே தொட்டி, அதே ஈஸ்ட், அதே வாலைகள். மாறுவது பீட் மணி நேரமும் வடிப்பின் எண்ணிக்கையும் மட்டும். வடிப்பு என்ன செய்கிறது, புகை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் இந்த மூன்று புட்டிகளையும் வரிசையாக வைத்துவிடலாம். வேறு எந்த ஆலையும் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு தருவதில்லை.

லாங்ரோ, ஹேசல்பர்ன் என்ற இரண்டு பெயர்களும் ஊரில் செத்துப்போன ஆலைகளுடையவை. லாங்ரோ பக்கத்து மனையிலேயே இருந்து 1896இல் மூடியது. அதன் ஒரு கிடங்கில்தான் இன்று புட்டியில் அடைக்கிறார்கள். ஐலே தீவின் கனத்த புகை விஸ்கியை நிலப்பகுதியிலும் செய்ய முடியும் என்று காட்டுவதற்காக 1973இல் ஸ்பிரிங்பேங்க் அந்தப் பெயரில் முதல் தடவை காய்ச்சியது. ஹேசல்பர்ன் 1997இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபிராங்க் மெக்ஹார்டி அயர்லாந்தின் புஷ்மில்ஸ் ஆலையில் பத்தாண்டு மேலாளராக இருந்துவிட்டு ஸ்பிரிங்பேங்குக்குத் திரும்பினார். மூன்று முறை வடிப்பு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை.

பழைய ஹேசல்பர்ன் ஆலைக்கு இன்னொரு பெருமை. ஒரு காலத்தில் ஊரிலேயே பெரியது அதுதான். 1920இல் மசடக்கா தக்கெட்சுரு என்ற ஜப்பானிய இளைஞர் சில மாதம் அங்கே தொழில் பழகினார். மேலாளர் பீட்டர் இன்னஸ் கற்றுக்கொடுத்தார். ஊர் திரும்பிய தக்கெட்சுரு 1934இல் ஹொக்கைடோவின் யோய்ச்சியில் தன் ஆலையைத் தொடங்கினார். ஹேசல்பர்ன் 1925இல் மூடிப்போனது. யோய்ச்சியில் இன்றும் வாலைக்கு அடியில் ஆள் நின்று நிலக்கரி தள்ளுகிறார்.

விற்காத குடும்பம்

1979இல் ஸ்பிரிங்பேங்க் மறுபடி நின்றது. தொழில் முழுவதும் தேவைக்கு மேல் காய்ச்சிக் கிடங்குகள் நிரம்பி வழிந்த காலம் அது. டிசிஎல் என்ற பெரிய நிறுவனம் 1983இல் ஒரே அடியாக 11 மால்ட் ஆலைகளை மூடியது. ஸ்பிரிங்பேங்க் 1987இல் கொஞ்சமாகவும், 1989இல் ஒழுங்காகவும் காய்ச்சத் தொடங்கியது. இதனால் 1980களின் பெரும்பகுதிக்குச் சரக்கே கிடையாது. அந்த ஆண்டுகளின் பழைய ஸ்பிரிங்பேங்க் தேடுகிறவர்கள் கிடைக்காமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான். 2008இல் பார்லியும் எண்ணெயும் விலை ஏறியபோது மறுபடி கொஞ்ச காலம் நிறுத்தினார்கள்.

இந்தக் காலம் முழுவதும் நிறுவனத்தை நடத்தியவர் ஹெட்லி ரைட், மிட்செல் வழி வந்தவர். பேட்டி கொடுப்பதில் ஆர்வமில்லாதவர். 1842இல் அபர்டீனில் தொடங்கிய கேடன்ஹெட் என்ற புட்டி வணிகத்தை வாங்கி 1972இல் கேம்பல்டவுனுக்குக் கொண்டுவந்தார். மற்ற ஆலைகளின் பீப்பாய்களை வாங்கி அடைத்து விற்கும் வணிகம் அது. சொந்த ஆலை தூங்கிய ஆண்டுகளில் விற்பதற்கு ஏதாவது இருந்தது. 2023இல் ரைட் காலமானார். விஸ்கி விலை உச்சத்துக்குப் போன காலத்திலும் அவர் விற்கவில்லை.

ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்குச் சுமார் 7.5 லட்சம் லிட்டர் தூய ஆல்கஹால். காய்ச்சுவது அதில் பாதிக்கும் கீழே. கிளென்ஃபிடிக் 2 கோடி லிட்டருக்கு மேல் காய்ச்ச முடிகிற ஆலை. கூடுதலாகக் காய்ச்ச முளைகட்டும் தளம் போதாது, வெளியே மால்ட் வாங்க மனமில்லை.

ஊருக்கு ரைட் செய்த இன்னொரு காரியம் கிளென்கைல். மிட்செல் சகோதரர்களுக்குள் சண்டை வந்து, ஸ்பிரிங்பேங்கை விட்டுப் பிரிந்த வில்லியம் 1872இல் கட்டிய ஆலை அது. 1925இல் மூடி, பிறகு வேறு வேறு வேலைக்குப் பயன்பட்டுக் கிடந்தது. கேம்பல்டவுனைத் தனி விஸ்கிப் பகுதியாக எண்ண வேண்டாம், அங்கே ஆலைகளே இல்லையே என்று பேச்சு வந்தபோது, லோலேண்ட் பகுதிக்கு மூன்று ஆலை போதும் என்றால் நமக்கும் மூன்று இருந்தால் போதும் என்று ரைட் 2000இல் அந்தக் கட்டடத்தை வாங்கினார். வாலைகள் இன்வர்கார்டனில் சும்மா கிடந்த பென் விவிஸ் ஆலையுடையவை. அரவை இயந்திரம் கிரேகெல்லாக்கி ஆலையிலிருந்து. 2004இல் முதல் சரக்கு வடிந்தது. கிளென்கைல் என்ற பெயர் ஏற்கெனவே வேறொருவரின் கலப்பு மால்ட்டுக்குப் பதிவாகியிருந்ததால் விஸ்கிக்குக் கில்கெரன் என்று பெயர் வைத்தார்கள். 2009இன் ஸ்காட்ச் விஸ்கி விதிகளில் கேம்பல்டவுன் தனிப் பெயராக நிலைத்தது.

புட்டிகளைப் பொறுத்தவரை, ஸ்பிரிங்பேங்க் 10 ஆண்டு 46 விழுக்காடு. பர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாய் 60 பங்கு, ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) பீப்பாய் 40 பங்கு. 15 ஆண்டு ஷெர்ரி பீப்பாய்ச் சரக்கு. 12 ஆண்டு தண்ணீர் கலக்காத பீப்பாய் வலுவில் வருவது, ஒவ்வொரு தொகுதிக்கும் விழுக்காடு மாறும். நிறத்துக்குக் கேரமல் சேர்ப்பதில்லை, குளிர வைத்து வடிகட்டுவதும் இல்லை. ஐஸ் போட்டால் கலங்கும். கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிவதுதான் அது, கெட்டுப்போனதல்ல. தீபகற்பத்திலேயே விளைந்த பார்லியில் செய்த லோக்கல் பார்லி வரிசையும் உண்டு. 2017இல் வந்தது பியர் (bere) என்ற பழங்காலப் பார்லி ரகத்தில் செய்தது. டன்னுக்குக் கிடைக்கும் ஆல்கஹால் குறைவு, புரதம் அதிகம், அரைப்பதும் சாறு இறக்குவதும் தலைவலி.

இவற்றை இன்று கடை விலையில் பார்ப்பது கடினம். வாங்குகிறவர்களில் பலர் திறப்பதில்லை, ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். 10 ஆண்டுப் புட்டிக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுப்பது மடத்தனம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் கில்கெரன் 12 தேடுங்கள். ஸ்பிரிங்பேங்க் தளத்தில் முளைகட்டிய மால்ட், இலேசான பீட், இரண்டு முறை வடிப்பு, பர்பன் 70, ஷெர்ரி 30, அதே 46 விழுக்காடு. காய்ச்சுவதும் ஸ்பிரிங்பேங்கின் அதே ஆட்கள்தான்.